எட்டா, பத்தா?

குருவைவிடச் சீடர் இருபத்திரண்டு வயது மூத்தவர்.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் ஜெசிந்தா. ஆலடிக்குளம் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளத்தங்கரையில் நடந்து பறவைகளை எண்ணுவார். யாரும் அவரை எண்ணச் சொல்லவில்லை. எண்ணுவார்.

ஒரு ஞாயிறு அந்த வழியாக நடை வந்த ஆவுடையப்பன் நின்றார்.

“என்னத்தம்மா எண்ணுதீய?”

“நாமக்கோழி.”

“எத்தனை?”

“இருநூத்தி எட்டு.”

ஆவுடையப்பன் வெறுங்கண்ணால் எண்ணினார். வளைவில் திரும்புகிற ரயிலின் பெட்டிகளைக் கடைசிப் பெட்டியில் நின்று எண்ணிப் பழகியவர்.

“இருநூத்தி ஒம்பது. அந்தக் கோரைக்குப் பின்னால ஒண்ணு நிக்கி.”

ஜெசிந்தா பைனாகுலரைத் திருப்பிப் பார்த்தார். நின்றது. பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். திருப்பிக் கேட்ட பிறகுதான் அது கிடைத்தது.

மறு வாரம் ஆவுடையப்பன் கைகளைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

“எனக்குக் கத்துக்குடுக்கணும். இனிமே நீங்கதான் எனக்கு குரு.”

“வேண்டாம் அண்ணாச்சி. என் வயசென்ன, உங்க வயசென்ன?”

“வயசப் பாத்தா இந்தக் குளத்தைத்தான் குருவா வச்சுக்கணும்.”

அன்றிலிருந்து குருவம்மா என்றே கூப்பிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அது ஒட்டிக்கொண்டது. இருமல் மருந்து வாங்க வருகிறவர்களும் “குருவம்மா இல்லையா?” என்று கேட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் அவர் தன் மனைவி பேச்சியம்மாளையும் அழைத்து வந்தார்.

குரு தன்னிடமிருந்த பழைய பைனாகுலரை இரவலாகக் கொடுத்தார். பறவையை எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். நடுவில் ஒரு சிறிய சக்கரம். அதைத் திருப்பினால் மங்கல் விலகித் தெளிவு வரும். அதை எப்படித் திருப்புவது என்று குரு ஆவுடையப்பனுக்கு ஒரு முறை காட்டினார். இரண்டாம் முறை காட்ட வேண்டியிருக்கவில்லை.

கரையில் குரு எப்போதும் சற்று முன்னால் எண்ணிக்கொண்டு போவார். பின்னால் கணவனும் மனைவியும் வருவார்கள். அவர்கள் பேசுவது காதில் விழும். குரு திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் எண்ணிக்கை போய்விடும்.

“ஏளா, இங்க வா. அந்த மொட்டைக் கருவேலம் தெரியுதா?”

“எது?”

“எதுவா? ஒரு மரந்தானே நிக்கி. அதுல வலது பக்கக் கொப்பு. மீன்கொத்தி. முதுகு நீலம், கழுத்து வெள்ளை, மூக்கு செகப்பு. கண்ணாடியக் கழட்டு. கண்ணு வைக்கிற ரப்பர்ல இடிச்சுக் கீறல் விழும்.”

பேச்சியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொள்வார்.

“சக்கரத்தத் தொடாத. இரவல் சாமான். நான் சரியா வச்சிருக்கேன்.”

“தொடல.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி?”

“அழகா இருக்கு.”

நாரையும் அழகாக இருந்தது. நீர்க்காகமும் அழகாக இருந்தது. ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு தலைக்கு மேல் போன பிறகு, அதுவும் அழகாக இருந்தது.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் ஆவுடையப்பன் குருவிடம் கேட்டார்.

“குருவம்மா, ஒரு கேள்வி. மகளும் மருமவனும் பொங்கலுக்கு சிங்கப்பூர்லேருந்து வாராங்க. என்ன வேணும் மாமான்னு கேட்டாரு. பைனாகுலர்னு சொல்லிட்டேன். எட்டா, பத்தா?”

“அந்தக் கோரைக்குள்ள ஏதோ அசையுது. என்னன்னு பாருங்க,” என்றார் குரு.

மறு வாரம் மறுபடி கேட்டார்.

“பன்னெண்டுலயும் வருதாம்.”

“வரும்.”

“பன்னெண்டு எட்டவிடப் பெருசுதானே?”

“பெருசுதான்.”

“அப்ப வாங்கிரலாமா?”

குரு மறுபடி எண்ணத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, பன்னிரண்டு மடங்கு காட்டும் பைனாகுலர் ஒன்றைக் கொண்டு வந்தார். குழல்கள் தடித்திருந்தன. செங்கல் கனம் இருந்தது.

ஆவுடையப்பன் அதை வாங்கிக் குளத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு முக்குளிப்பான் மிதந்துகொண்டிருந்தது.

“அடேயப்பா! கண்ணுல மஞ்சப் புள்ளி தெரியுது!”

“இறக்காம பாருங்க.”

முக்குளிப்பான் முங்கியது. ஆவுடையப்பன் இறக்கவில்லை. அது வேறொரு இடத்தில் எழுந்தது. அவர் தேடிப் பிடிப்பதற்குள் மறுபடி முங்கியது. மூன்றாவது முறை எழுந்தபோது அவருடைய முழங்கைகள் நடுங்க ஆரம்பித்தன.

“என்ன தெரியுது அண்ணாச்சி?”

“பெருசாத்தான் தெரியுது. நிக்க மாட்டேங்கு.”

“பறவையா, நீங்களா?”

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அவர் கையில டீ கிளாஸே நிக்காது தாயி.”

“ஏ, நீ சும்மா இரு.” ஆவுடையப்பன் பைனாகுலரை இறக்கித் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டார். “சரி. பன்னெண்டு வேண்டாம். அப்ப எட்டா, பத்தா?”

குரு கரையில் உட்கார்ந்தார்.

“போன மாசம் என் கடைக்கு ஒருத்தர் வந்தாரு. ‘நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க’ன்னாரு.”

“என்ன நோவுக்கு?”

“அதத்தான் நானும் கேட்டேன். ‘நோவு எதா இருந்தா என்ன, இருக்கதுலயே நல்லதாக் குடுங்க’ன்னாரு.”

“வெளங்கும். நீங்க என்ன சொன்னீய?”

“யாருக்குன்னு கேட்டேன்.”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் குருவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“பேச்சிக்குத்தான்.”

“மதினிக்கா?”

“அவ எதப் பாத்தாலும் அழகா இருக்குங்கா. வேற ஒரு வார்த்தை வரமாட்டேங்கு. குயிலக் காட்டினாலும் அதுதான், கோழியக் காட்டினாலும் அதுதான். இந்தப் பழசுல அவளுக்கு நிறைவாத் தெரியல. உசந்ததா ஒண்ணு வாங்கிக் கையில குடுத்தா வாயத் தொறந்து நாலு வார்த்தை சொல்லுவா. நான் பாத்தது போதும் குருவம்மா. அவ பாக்கணும்.”

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்றார் குரு.

அன்று திரும்பி வரும்போது குரு முன்னால் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தார்.

மொட்டைக் கருவேலத்தில் மீன்கொத்தி இருந்தது. ஆவுடையப்பன் பார்த்துவிட்டு, முதுகும் கழுத்தும் மூக்கும் சொல்லி, பைனாகுலரை மனைவியிடம் கொடுத்தார். அது கைமாறும்போதே மீன்கொத்தி கொப்பை விட்டுப் பறந்துபோனது. ஆவுடையப்பன் குனிந்து பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றி, வெறும் கொப்பை நிதானமாகப் பார்த்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“இருக்கா?”

“அசையாம உக்காந்திருக்கு. அழகா இருக்கு.”

குரு குளத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். கணவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை. குரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்.

“மதினி, அந்த மீன்கொத்தி உங்க கைக்கு பைனாகுலர் வருமுன்னயே பறந்துட்டு.”

பேச்சியம்மாள் மாத்திரையைப் பைக்குள் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடி போட்டார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி.”

குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அவர்கிட்டச் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லிராத.”

“எப்பத்துலேருந்து தெரியல?”

“முத நாளேருந்து.”

“எதுவுமேயா?”

“ஏன், தெரியுமே. வெள்ளையாக் கொஞ்சம், பச்சையாக் கொஞ்சம். துணி ஊறவச்ச வாளிக்குள்ள பாத்தா எப்படி இருக்கும்? அப்படி.”

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அண்ணாச்சிக்குக் கண்ணாடி கிடையாது. உங்க கண் வேற, அவர் கண் வேற மதினி. அவருக்கு வச்சது உங்களுக்குத் தெரியாது. சக்கரத்தக் கொஞ்சம் திருப்பினாப் போதும்.”

“தொடக் கூடாதுன்னாரே.”

“இத்தனை நாளாத் தொடலையா?”

“ரயில்ல பிரேக்கு வச்சுப் பழகின மனுசன். அவர் ஒண்ண வச்சாருன்னா வச்சதுதான். எங்க வீட்டு மிக்சிக்கே ‘இதுக்கு மேல திருப்பாத’ன்னு கோடு போட்டு வச்சிருக்காரு.”

“சரி, தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

பேச்சியம்மாள் கடை வாசலைப் பார்த்தார். ஒரு ஆட்டோ போனது. 

“முப்பத்தாறு வருசம் ரயில்ல இருந்தாரு தாயி. வீட்டுக்கு வந்தாத் தூங்குவாரு. எந்திரிச்சா இரும்புப் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிருவாரு. சாப்பிட்டீயளான்னு நான் கேப்பேன், சாப்பிட்டேம்பாரு. பெறகு ரிட்டையரானாரு. அப்பவும் பேச ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். இப்பம் ஞாயித்துக்கிழமை வந்தா, அதுக்கு மூக்கு எப்படி, காலு எப்படி, எங்கேருந்து வருது, எங்க கூடு கட்டும்னு கரை நெடுகப் பேசிக்கிட்டே வாராரு. எங்கிட்ட. நான் பறவையப் பாக்கவா தாயி வாரேன்?”

குரு தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்தார்.

“இப்பம் சிங்கப்பூர்லேருந்து புதுசு வருதாம். எனக்காண்டித்தான்னு தெரியும். எங்கிட்டச் சொல்லல. ராத்திரியெல்லாம் போன்ல படம் படமாப் பாக்காரு. அது வந்தா இந்த ‘அழகா இருக்கு’ பத்தாது. இன்னும் நல்லா நடிக்கணும். எனக்கு அம்புட்டு வராது.”

“தெளிவாத் தெரியுத மாதிரி நான் சொல்லித் தாரேன். நடிக்கவே வேண்டாம்.”

பேச்சியம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எனக்கே தெரிஞ்சுட்டா அவர் எதுக்குச் சொல்லணும்?”

மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தார்.

“சொல்லிராத என்ன?”

“சொல்ல மாட்டேன் மதினி.”

குரு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் கரைக்கு வந்ததும் வராததுமாகப் போனைக் காட்டினார்.

“குருவம்மா, இன்னைக்கு நீங்க தப்பிக்க முடியாது. மருமவன் சாயங்காலம் கடைக்குப் போறாராம். எட்டா, பத்தா? சொல்லிருங்க.”

“சொல்லுதேன். அதுக்கு முன்னால ஒரு வேலை. மடைக்கிட்ட கொக்கு எத்தனை நிக்கின்னு எண்ணிட்டு வாங்க.”

“பைனாகுலர்?”

“உங்களுக்கு எதுக்கு?”

அது அவருக்குப் பெருமையாக இருந்தது. பைனாகுலரை மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டு, “பத்திரம். தொடாத,” என்று சொல்லிவிட்டு மடையைப் பார்த்து நடந்தார்.

அவர் தூரமாகப் போகும்வரை குரு காத்திருந்தார்.

“மதினி, அந்தத் தாமரைக்கு இந்தப் பக்கம் பாருங்க. நீலமா ஒண்ணு நிக்கி.”

பேச்சியம்மாள் பழக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

“அழகா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“சக்கரத்தத் திருப்புங்க.”

“வையுவாரு.”

“அவர் மடையில நிக்காரு.”

பேச்சியம்மாளின் விரல் சக்கரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி ஒரு தரம் தொட்டு எடுத்தது. பிறகு திருப்பினார்.

“இன்னும் மோசமாயிட்டு.”

“அடுத்த பக்கம்.”

திருப்பினார். குரு வலது குழலில், அந்தக் கண்ணுக்கு மட்டும் தெளிவு வைக்கும் வளையத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார். பேச்சியம்மாள் மறுபடி சக்கரத்தைத் திருப்பினார். மெதுவாக, இன்னும் மெதுவாக. விரல் நின்றது.

பைனாகுலர் கண்ணை விட்டு இறங்கவேயில்லை.

“தெரியுதா மதினி?”

“ஏ...”

“என்ன?”

“அதுக்குக் காலு செகப்பு.”

“ஆமா.”

“எம்மாம் நீளம் விரலு! தாயி, அது காலால தண்டப் புடிச்சிருக்கு. நாம கையில கரும்பப் புடிக்கம்லா, அப்படி. புடிச்சு மூக்கால உரிக்கி. உரிச்சுத் திங்கி!” பேச்சியம்மாள் சத்தமாகச் சிரித்தார். “சக்கையத் துப்புது பாரு, கொழுப்பெடுத்தது!”

அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் மடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு நடையை எட்டிப் போட்டார்.

“கொக்கு பதினேழு குருவம்மா. என்ன சிரிப்பு?”

“ஏங்க, இங்க வாங்க, வாங்க! நீலமா ஒண்ணு நிக்கில்லா? அது காலால கரும்பு திங்கி!”

“நீலத்தாழைக்கோழியா? கரும்பா?”

“கரும்பு மாதிரி. நீங்க இதச் சொல்லவே இல்லையே எங்கிட்ட!”

“நான் பாத்ததில்லையே.”

“அப்ப இப்பம் பாருங்க.” பேச்சியம்மாள் பட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தார். மகிழ்ச்சியில் வார்த்தைகள் தாமாக வந்தன. “எதையும் தொடாதீய. நான் சரியா வச்சிருக்கேன்.”

ஆவுடையப்பன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

“உரிக்குதா?”

அவர் கண்ணைச் சுருக்கினார். குழலைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் நகர்த்தினார். அவருடைய விரல் சக்கரத்தை நோக்கிப் போனது. மனைவி பக்கத்தில் நிற்கிறாள். விரல் திரும்பி வந்தது.

“பாத்தீயளா?”

“பாத்தேன்.”

“எப்படி?”

“அழகா இருக்கு,” என்றார் ஆவுடையப்பன்.

குரு குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

பேச்சியம்மாள் அசையவில்லை. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியல.”

“தெரியுதே. நீலமா...”

“பொய்.”

“பொய்யா? நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

“நான் ஆசையாக் காட்டும்போது தெரியலன்னு எப்படிச் சொல்லதுன்னுதான்.”

ஆவுடையப்பன் பைனாகுலரை இறக்கினார். கையில் இருந்த அதைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மனைவி முந்தானையில் சுற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். குரு குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேச்சி.”

“ம்.”

“எத்தனை நாளா?”

“விடுங்க.”

“மீன்கொத்தி?”

“விடுங்கன்னு சொல்லுதேன்.”

“பாம்புத்தாரா? அன்னைக்கு இறக்கையக் காயப் போட்டுக்கிட்டு நின்னுச்சே, அரை மணி நேரம்?”

“அதுக்கு மூக்கு ஊசி மாதிரி. கழுத்து பாம்பு மாதிரி. முங்கும்போது கழுத்து மட்டும் வெளிய தெரியும். இறக்கையில எண்ணெய் கிடையாது, அதுதான் காயப்போடுது.”

“பாத்தியா?”

“நீங்க சொன்னீயள்ளா. நீங்க சொன்னது எல்லாம் தெரிஞ்சுது.”

ஆவுடையப்பன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் ஈரமண் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை.

“நான்தான் தொடாதன்னேன்.”

“ஆமா. நீங்கதான் சொன்னீய.”

“ஒரு நாளாவது தொட்டிருக்கக் கூடாதா? மூதேவி.”

“தொட்டா வையமாட்டீயளாக்கும்? மிக்சிக்குக் கோடு போட்ட ஆளு.”

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சியம்மாளும் அருகில் உட்கார்ந்தார். தாமரை இலைகளுக்குள் நீலத்தாழைக்கோழி இன்னொரு தண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“ரெண்டு கொண்டாரச் சொல்லுதேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உன் சாமான், உன் சக்கரம். இனிமே நான் எதையும் தொடாதன்னு சொல்ல மாட்டேன். எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேன். நீ பாட்டுக்கு உனக்குப் புடிச்சதப் பாரு.”

பேச்சியம்மாள் மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். மாட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

“சரி,” என்றார்.

குரு திரும்பினார்.

“ஒண்ணு போதும் அண்ணாச்சி.”

“ஒண்ணா?”

“ஒண்ணு. எட்டு. மதினி கைக்குப் பாரமில்லாததா, சக்கரம் லேசாச் சுத்துததாப் பாத்து வாங்கச் சொல்லுங்க. மதினி கண்ணாடியோடயே பாக்க, கண் வைக்கிற ரப்பர் மடங்கணும்.”

“அது சரி. ஆனா ஒண்ணு எப்படிப் போதும் குருவம்மா? ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தர் என்ன செய்ய?”

“பாக்குறவங்க சொல்லுததக் கேட்டுக்கிட்டு இருக்கணும்,” என்றார் குரு.